பிள்ளை, அப்பா எந்த ஊர்?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சும்மா கிடைத்தது. சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோசைக்கடை. மசால் தோசையின் ஓரத்தைக்கூடப் பிய்க்காமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசி சிவாஜினி அக்கா எனக்குக் கொடுத்தது. நடுவில் நான் ஒரு தடவை, "அக்கா, தோசை ஆறுது" என்றேன். "ஆறட்டும் ராதா" என்றார். அந்தத் தோசைக்கும் சேர்த்து அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சிவாஜினி அக்காவை உங்களுக்குத் தெரியாது. புதிதாக ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேருகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வகுப்புகள் இருக்கின்றன அல்லவா, அந்த வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பது இவருடைய வேலை. சிட்னியில், பென்டில் ஹில்லில் வீடு. ஆனால் பாதி நாள் பெட்டியும் கையுமாக மெல்போர்ன் போய்ப் பயிற்சிப் பட்டறை நடத்திவிட்டு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் திருச்சிக்காரி. என் எழுத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் பேசினால் திருச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவதுபோல இருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் குறை.

"எழுதுங்கோ. ஆனா எனக்குக் காட்டாமல் ஒரு இடத்திலையும் போடக்கூடாது" என்று சொல்லியிருந்தார். காட்டினேன். பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பித் தந்தார். அவற்றில் சிலதை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அழிக்க மனசு வரவில்லை. சில இடங்களில் என் வாக்கியத்தைவிட அவர் குறிப்பு நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"விமானத்தின் சன்னலுக்கு வெளியே மேகங்கள் விரிந்து கிடந்தன. சிவாஜினி தன் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தாள். எங்கிருந்து எங்கே வந்து…"

(நான் எப்பவும் நடைபாதைப் பக்கச் சீற்தான் எடுக்கிறனான். மேகம் ஒண்டையும் காணேல்லை. வாழ்க்கையையும் எண்ணிப் பாக்கேல்லை, நித்திரை கொண்டனான். – சி.)

இரண்டாவது தொடக்கம்:

"இந்தப் பட்டறை மட்டும் சரியாகப் போகாவிட்டால் சிவாஜினியின் வேலை பறிபோய்விடும். மெல்போர்னில் அவளைக் கண்காணிக்க ஒரு மேலதிகாரி…"

(விசர்க்கதை எழுதாதேங்கோ ராதா. என்ர வேலைக்கு ஒண்டும் நடக்கேல்லை. அந்த மேலதிகாரி எனக்குக் கேக் வாங்கித் தந்தவ.)

சரி, விட்டுவிட்டேன். கதையென்றால் யாருக்காவது ஏதாவது போய்விடுமோ என்று வாசிக்கிறவர் பதற வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வேலை போவதுதான் கைக்கு அருகில் கிடைத்தது. ஆனால் இந்தக் கதையில் நிஜமாகவே ஒரு விஷயம் போய்விடும் நிலையில் இருந்தது, அது அக்காவுடையது இல்லை. அதை ஒளித்து வைத்து, கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டி உங்களை அசத்தும் எண்ணம் எனக்கு இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மெல்போர்னில், நோபிள் பார்க்கில், ஒரு அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். அம்மா யோகராணி. மகள் நிரூபா, அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஆங்கில ஆசிரியை. மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. அம்மாவுக்குக் கடைக்குப் போய்வர, டாக்டரிடம் சொல்ல ஆங்கிலம் உண்டு. மனசில் இருப்பதைச் சொல்கிற அளவுக்கு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா இருந்தார். மகளோடு ஆங்கிலம், மனைவியோடு தமிழ் என்று மாறி மாறிப் பேசி வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு "சோறு இருக்கு", "ஓகே அம்மா" என்ற அளவில் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. இறந்துபோன மனிதரைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அந்த மகள் அம்மாவிடம் வாயைத் திறந்து பேசினாளா என்பதுதான் கதை. அக்காவின் பயணமும் பட்டறையும் அங்கே போய்ச் சேருகிற வழி.

3

(கதைக்குள் போனதும் அக்காவை 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன். கை கூசியது. 'அவர்' என்றே இருக்கட்டும்.)

மெல்போர்னில், டாண்டினோங்கில் ஒரு சமூகக் கல்லூரி. சனிக்கிழமை காலை. விடுமுறை நாளில் வரவழைத்துவிட்டார்களே என்ற முகத்தோடு காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி ஒரு அறை நிறைய ஆசிரியர்கள். சிவாஜினி உள்ளே வந்தார். குட் மார்னிங் சொல்லவில்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் இல்லை. கையைக் கூப்பி, "வணக்கம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஆங்கில வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

இது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். பட்டறையின் முதல் பாடத்தை, வந்திருக்கிற யாருக்கும் தெரியாத மொழியில் நடத்துவது. ஆங்கிலம் தெரியாமல் வந்து உட்காருகிறவர் முதல் நாள் என்ன பாடுபடுகிறார் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கிச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தாங்களே மாணவராக உட்கார்ந்தால்தான் தெரியும். வாரம் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், திடீரென்று தங்கள் காலணியைப் பார்க்கத் தொடங்குவார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று ஓரக்கண்ணால் காப்பியடிப்பார்கள்.

"என்ர பேர் சிவாஜினி. உங்கட பேர் என்ன?" இதை எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்ததும் அறை முழுக்க "நன்றி" சொல்ல வேண்டும்.* அடுத்தது, "உங்கட ஊர் என்ன?" முன்வரிசையில் கிரெக் என்றொரு பெரிய உருவம். நெற்றி வியர்க்க, "என்ர… ஊர்… பலராட்" என்றார். அறை "நன்றி" என்றது. கிரெக் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

* நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் கோபம் என்று அர்த்தம். பிறகு ஏன் அதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "வெள்ளைக்காரருக்கு நன்றி சொல்லாட்டி மூச்சு முட்டும் ராதா. பாவமெண்டு குடுத்தனான்" என்றார்.

இந்தப் பாடத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்களால் அது முடியாது. கேட்ட சூட்டோடு தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், உதவி செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில். மாணவர் அப்போதுதான் மனசுக்குள் வார்த்தையைத் தேட ஆரம்பித்திருப்பார். சிவாஜினி பல வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவருவது இந்த ஒன்றைத்தான்: பொறுங்கள், அவர்களே சொல்லட்டும்.

யாருக்கும் தமிழ் தெரியாது என்று முன்பே கேட்டு உறுதி செய்திருந்தார். ஆனால் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு ஆசிரியருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் ஒரு பெண் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் ஒட்டிய சீட்டில் 'நிரு' என்று இருந்தது. ஃபிஜியோ மொரீஷியஸோ என்று சிவாஜினி நினைத்துக்கொண்டார்.

அவள் முறை வந்தது. "என்ர பேர் நிரூபா" என்றாள்.

அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லும் இந்தக் காலையில் கற்றுக்கொண்டவை அல்ல என்பது காதில் விழுந்த உடனே தெரிந்துவிட்டது. அந்நிய முகங்களுக்கு நடுவில் நம் பிள்ளை ஒன்று! சிவாஜினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டறை, பாடத்திட்டம், பல வருஷ அனுபவம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கோயில் வரிசையில், கல்யாண மண்டபத்தில், பென்டில் ஹில் மளிகைக் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கும்போது, முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டால் யாழ்ப்பாணத்து ஆட்கள் வாயிலிருந்து தானாக வருகிற கேள்வி வந்துவிட்டது.

"பிள்ளை, அப்பா எந்த ஊர்?"

கேட்டு முடிப்பதற்குள், அடுத்த பயிற்சி வாக்கியம் இதுதான் என்று நம்பிய அறை முழுக்க ஒரே குரலில், கிரெக் எல்லோரையும்விட உரக்க, சொன்னது:

"பிள்ளை, அப்பா எந்த ஊர்?"

(இந்த இடத்தில நான் செத்தன் ராதா. இதை வடிவா எழுதியிருக்கிறியள்.)

நிரூபா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா… கரவெட்டி" என்றாள்.

"நன்றி" என்றது அறை.

அவள் முடிக்கவில்லை. கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "அப்பா… இப்ப…" என்றாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன என்று சிவாஜினிக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. 'இல்லை' என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை தப்பித்துவிடும். ஆங்கிலத்துக்கு மாறி, பாடத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கிரெக் உதவிக்கு வர வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். அறையில் ஒருவரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும், நான் என்ன மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு நிண்டனான்?" என்றார்.

கடைசியில் நிரூபா சொன்னாள்.

"அப்பா… இப்ப… எங்கட வீட்டில… அப்பா பற்றி… ஒராளும்… கதைக்கிற இல்லை."

'இல்லை' என்றுதான் முடிந்தது. ஆனால் சிவாஜினி நினைத்த வாக்கியம் அது இல்லை. எடுத்துக் கொடுத்திருந்தால், அப்பா இறந்துவிட்டார் என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். எல்லோரும் வருத்தம் தெரிவித்திருப்பார்கள். அந்தப் பெண் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தது வெளியே வந்திருக்காது.

அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் அது புரிந்தது. மற்றவர்கள் ஒரு நீளமான பதில் வந்திருக்கிறது என்று மட்டும் கண்டார்கள். பதில் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது.

"நன்றி" என்றார்கள். இந்த முறை யாரும் கத்தவில்லை.

4

நிரூபாவைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அவளை நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு மனசு எழுதிக் கொடுக்கலாம் என்று சில முறை உட்கார்ந்தேன். இங்கே அடைப்புக்குறிக்குள் இருப்பவை அக்காவுடையவை அல்ல, என்னுடையவை.

"இரண்டு மொழிகளுக்கு நடுவே தத்தளித்த நிரூபா…" (வேண்டாம். எல்லாப் புலம்பெயர் கதையிலும் இப்படி ஒருத்தி தத்தளிக்கிறாள்.)

"தமிழ் தெரியாத குற்ற உணர்வு அவளை…" (வேண்டாம். அவளுக்கு இருந்தது குற்ற உணர்வு என்று யார் சொன்னது?)

"அவள் நினைத்தாள்:" (என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது.)

ஆக, தேநீர் இடைவேளையில் அவள் சிவாஜினியிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், 'அன்ரி' என்கிற யாழ்ப்பாணத்து 'ஆன்ட்டி' மட்டும் நம் வழக்கம். வீட்டில் தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினால் அம்மா பாசமாக முடித்துவிடுவாராம். மாமா, மாமி என்று யார் வந்தாலும் அப்படித்தான். முடித்துவிட்டு, "வெள்ளைக்காரி தமிழ் கதைக்கிறா" என்று கன்னத்தைக் கிள்ளிச் சிரிப்பார்களாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே அவள் தமிழ் வாக்கியங்களைத் தொடங்குவதை நிறுத்திவிட்டாள். அப்பா இருந்தவரை குறை தெரியவில்லை. இப்போது அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கும் என்றுதான் நினைக்கிறாள். தன் மனசு நோகும் என்று அம்மாவும், அம்மா அழுதுவிடுவார் என்று தானும் சமையலறையில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்களாம்.

"இண்டைக்குத்தான் அன்ரி, என்ர தமிழை ஒருத்தரும் முடிச்சு வைக்கேல்லை" என்பதுபோல ஏதோ சொல்லியிருக்கிறாள், தமிழ் அக்காவுடையது.

இதைக் கேட்டதும் சிவாஜினி செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். "அம்மாவின்ர நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று கைப்பேசியை எடுத்துவிட்டார்! நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். நானாக இருந்தால் அன்று சாயங்காலமே இடியப்பத்தோடு அந்த வீட்டுக்குப் போய், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசியிருப்பேன். நிரூபா நம்பரைச் சொல்லத் தொடங்கியும்விட்டாள். பாதியில் சிவாஜினி கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

"வேண்டாம் பிள்ளை. நீங்களே கதையுங்கோ."

"எனக்கு வராது அன்ரி."

"வந்ததே இப்ப."

(இதை எழுதினதுக்கு நன்றி. கோபத்தில சொல்லேல்லை, உண்மையான நன்றி.)

மத்தியானம், பாடத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில், கிரெக் எழுந்து, தன் வகுப்பில் ஒரு பெரியவர் எப்போதும் பாதி வாக்கியத்தில் நிற்பார் என்றும், அதைத் தான் தினமும் முடித்துக் கொடுத்து வந்ததாகவும், இனி வாயைப் பொத்திக்கொள்ளப் போவதாகவும் சொன்னாராம். சிவாஜினி தோசைக்கடையில் இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த அறையில இருந்த ஒவ்வொருத்தருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறன் ராதா. அவையள் பொறுக்காட்டி நான் மட்டும் பொறுத்து என்ன? இவ்வளவு காலமும் மற்றவைக்குச் சொல்லிக் குடுத்தன். அண்டைக்குத்தான் எனக்கே விளங்கினது."

5

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது. நிரூபா வீட்டுக்குப் போகிறாள், "அம்மா!" என்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், சுவரில் அப்பாவின் படம் சிரிக்கிறது. (ஆர் இவையள்? எங்கட ஆக்கள் கட்டிப்பிடிக்கிறேல்ல. படத்தையும் சிரிக்க விடாதேங்கோ.)

இரண்டாவது. அவள் வாக்கியத்தைத் தொடங்குகிறாள், அம்மா வழக்கம்போல முடித்துவிடுகிறார், அவள் "ஓகே அம்மா" என்று அறைக்குப் போய்விடுகிறாள். இது உண்மை மாதிரி இருந்தது. இலக்கியமாகவும் இருந்தது. எழுதிவிட்டு நாள் முழுக்க எனக்கு யார்மேலும் பிரியமில்லாமல் போய்விட்டது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது முடிவில் நானே வருகிறேன், இடியப்பத்தோடு. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

உண்மையில் என்ன நடந்தது? பட்டறைக்கு அடுத்த வாரம் நிரூபா அக்காவுக்கு நன்றி சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். கொஞ்சம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கொஞ்சத்தை அக்கா எனக்குச் சொன்னார்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு என்னெண்டு நான் கேக்கேல்லை."

"என்னக்கா இது! கேட்டிருக்கலாமே."

"அவ சொல்லுற அளவுக்குச் சொன்னவ. மிச்சத்தை நான் ஏன் பிடுங்க வேணும்?"

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. நிரூபாவின் நம்பரைக் கேட்டேன். அக்கா தரவில்லை. இப்போது அதற்கும் நன்றியாகத்தான் இருக்கிறது.

6

தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

பட்டறை நடந்த அன்று சாயங்காலம் நிரூபா வீட்டுக்கு வந்தபோது யோகராணி குசினியில் நின்று லீக்ஸ் வதக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்து, "சாப்பிடுறியா?" என்றார். மேலே புகை உறிஞ்சும் விசிறி பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நிரூபா பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாள்.

"அம்மா" என்றாள். "அப்பா…"

அம்மா திரும்பினார். கரண்டி கையில் நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எட்டி விசிறியை நிறுத்தினார், அடுப்பையும் அணைத்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மகளைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்தார்.

அவர் எந்தப் பட்டறைக்கும் போனவர் இல்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.

நிரூபா வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் ஒன்று இருக்கும். உங்களுடையது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கலாம். தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதீர்கள். அவள் சொல்லட்டும்.

"அம்மா, அப்பா வந்து…